எடுத்து வளர்த்த பிள்ளை



2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, தாய் தந்தையரை இழந்த குழந்தைகளை வன்னியில் பெரியம்மாவும் மாமியும் அம்மம்மாவும் அள்ளி அணைத்தனர். அன்று மடியிற் கிடந்தவர்கள் இன்று வாலிபர்கள்.

ஆயினும் சில வீடுகளில் உண்மை இன்னும் மூடியே கிடக்கிறது. 'சொன்னால் பிள்ளை மனம் உடைந்துவிடும்' என்று அஞ்சுகிறோம். அயலவர் வாயாலோ, கலியாணப் பதிவுக்கு எடுத்த பிறப்புச் சான்றிதழிலோ அதை அறிய நேர்ந்தால் அந்த மனம் என்ன பாடுபடும்! 'இவ்வளவு நாளும் ஏன் மறைத்தார்கள்?' என்று உங்கள் அன்பையே ஐயுறுமன்றோ?

புனித சூசையப்பரைப் பாருங்கள். மூன்று நாள் தேடி ஆலயத்தில் கண்டெடுத்த பன்னிரண்டு வயது மகன், அவர் முன்னிலையிலேயே தன் வானகத் தந்தையைப் பற்றிப் பேசினார். சூசையப்பர் சினந்ததாக நற்செய்தியில் இல்லை. யேசுவோ அவர்களுடன் நாசரேத்துக்குத் திரும்பி, அவர்களுக்குப் பணிந்து நடந்தார். பெற்றவரை நினைக்கும் பிள்ளை வளர்த்தவரைக் கைவிடுவதில்லை.

ஆகவே சிறுவயதிலேயே, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கேட்கும்போதெல்லாம் பொறுமையோடு மறுமொழி கூறுங்கள். கோபத்திலும் 'உன்னை எடுத்து வளர்த்தோமே' என்று சொல்லாதீர்கள். கல்லறை இல்லாவிட்டாலும், நவம்பர் 2ஆம் நாள் பெற்றோருக்காக அப்பிள்ளையின் கையால் ஒரு மெழுகுதிரி ஏற்றச் செய்யுங்கள்.

நாம் எல்லோரும் இறைவனின் சுவீகாரப் பிள்ளைகளே என்கிறார் புனித சின்னப்பர். அவர் நம்மை ஏற்றதுபோல் நாமும் ஏற்போமாக.