மெழுகுவர்த்தி சொன்ன பொய்

திருவாமாத்தூர் கோயிலில் வட்டப்பாறை என்று ஒன்று உண்டு. தீராத வழக்குகளுக்கு அங்கே சத்தியம் செய்வார்கள். ஊரில் ஒரு கதை சொல்வார்கள். தம்பியின் பங்கை அமுக்கிய அண்ணன், பொன்னைக் கைத்தடிக்குள் ஒளித்துக்கொண்டு பாறைக்கு வருகிறான். "இதைக் கொஞ்சம் பிடி" என்று தடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, "இவன் பொருள் எதுவும் என்னிடம் இல்லை" என்று சத்தியம் செய்கிறான். அந்த நிமிடத்தில் அது உண்மைதான். திரும்பும் வழியில் பாம்பு கடித்துச் செத்துப்போகிறான். டெக்னிக்கலா அவன் பொய் சொல்லலையே, தண்டனை கொஞ்சம் ஓவர் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

போன கோடையில் ஷோகேஸில் வைக்க ஒரு வெப்பக் காற்று எஞ்சின் செய்தேன். ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1816இல் காப்புரிமை எடுத்த வகை. 1980களில் சென்னையிலேயே நெல் உமியை எரித்து ஓடும் 5 குதிரைத்திறன் ஸ்டிர்லிங் எஞ்சின் தயாரித்திருக்கிறார்கள். என்னுடையது அந்த வம்சத்தில் வேலைக்குப் போகாத பிள்ளை: தகர டின், பலூன், சைக்கிள் ஸ்போக், பழைய சிடி, கீழே ஒரு மெழுகுவர்த்தி. டின்னுக்குள் அடைபட்ட காற்று அடியில் சூடாகி விரிந்தால் பலூன் உப்பும். உள்ளே ஏறி இறங்கும் உருளை அதே காற்றைக் குளிர்ந்த மேல்பக்கம் தள்ளினால் பலூன் அமுங்கும். அந்த அசைவில் சிடி சுற்ற வேண்டும்.

சுற்றவில்லை. ஸ்போக் நுழையும் துளையில் காற்று கசிந்தது. துளையை இறுக்கினால் ஸ்போக் சிக்கியது. இதற்கு வேண்டியது சூடு மட்டுமல்ல, சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசம். மூடியும் சூடேறிவிட்டால் கதை முடிந்தது. எங்கள் ஊர் மே மாதக் காற்றா அதை ஆற்றப்போகிறது?

மறுநாள் விருந்தாளிகள். பீடத்துக்குள் பொம்மைக் கார் மோட்டார் ஒன்றை ஒளித்து, ரப்பர் பேண்டால் சிடியோடு இணைத்தேன். அலங்காரப் பொருள்தானே, பிளாஸ்டிக் பூ வைப்பதில்லையா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பிளாஸ்டிக் பூவுக்கு யாரும் தண்ணீர் ஊற்றிக் காட்டுவதில்லை. நான் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தேன். வாயே திறக்காமல் நான் சொன்ன பொய் அதுதான்.

அக்கா மகளுக்கு எட்டு வயது. ஓடிவந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். சிடி சுற்றிக்கொண்டே இருந்தது.

"மாமா, அணைஞ்சும் சுத்துதே!"

"சூடு உள்ளே கொஞ்ச நேரம் இருக்கும்டா," என்றேன். அதுவும் உண்மைதான். தடியை அவள் கையில் கொடுத்துவிட்டேன். நெருப்பே இல்லாமல் ஓடும் எஞ்சின் உண்டு என்று நம்பிக்கொண்டு ஊருக்குப் போனாள்.

பெரியவர்களை ஏமாற்றியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்குமா, தெரியவில்லை. அவர்கள் எஞ்சினைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவள் ஒருத்திதான் சோதித்துப் பார்த்தாள். சோதித்தவளுக்குத்தான் தப்பான விடை கிடைத்தது.

மோட்டாரைக் கழற்றினேன். துளையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடிமேல் ஐஸ் கட்டி வைத்தால் இப்போது ஒரு நிமிடம்போல ஓடுகிறது. பொங்கலுக்கு வந்தவள் பார்த்துவிட்டு, "போன தடவை இன்னும் நல்லா ஓடுச்சு" என்றாள். பீடத்தைத் திருப்பி, மோட்டார் இருந்த ஓட்டையைக் காட்டினேன். விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். அப்புறம் சாப்பிடக் கூப்பிடும்வரை என்னோடு பேசவில்லை.