சுவரில் எழுதிய வரைவு: படைப்பாளியின் உரிமை குறித்து

அச்சேறிய நூலுக்கு முந்தைய வரைவுகள் யாருக்கு உரியவை என்னும் வினா, கையெழுத்துப்படிக் காப்பகங்கள் பெருகியபின் கூர்மை பெற்றுள்ளது. அமெரிக்க நாவலாசிரியர் எர்னஸ்ட் ஹெமிங்வேயின் படிகள் பாஸ்டனிலுள்ள கென்னடி நூலகத்தில் பேணப்படுகின்றன. 1929இல் வெளிவந்த 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலுக்கு அவர் எழுதிப்பார்த்த 47 மாற்று முடிவுகள் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றன. தம் கடிதங்களை வெளியிடலாகாது என 1958இல் எழுதிவைத்தவர் அவர். 1981இல் அவை நூலாயின. வரைவுகளை அவர் எரிக்காமையையே இசைவாகக் கொள்வோர் உளர். வைத்திருத்தல் வேறு, காட்ட இசைதல் வேறு.

இதன் மறுமுனையில் நிற்பது அந்தமான். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட செல்லுலார் சிறைக்கு 1911இல் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர், தாளும் எழுதுகோலும் மறுக்கப்பட்ட நிலையில், மராத்திக் கவிதை வரிகளை அறைச்சுவரில் கீறி மனனம் செய்தார். 'கமலா' அவ்வாறு உருப்பெற்றது. வெள்ளையடித்தால் வரிகள் மறையும். நினைவில் நின்றதே பாடம். அவருடைய அரசியல் பற்றிய மதிப்பீடு இவ்வாய்வுக்குப் புறம்பானது.

பாடல் பிழைத்தமையால் இழப்பில்லை என வாதிடலாம். அவ்வாதம் நிறைவுடையதன்று. ஹெமிங்வேக்கு எரிக்கவும் இயலும், வைக்கவும் இயலும். சிறையாளிக்கு அவ்விரண்டுமில்லை, அழிக்கும் உரிமை சுண்ணாம்புக்குப் போய்விட்டது. மேலும், வரைவுக்குத் தாள் மட்டுமன்றி மறைவும் வேண்டும். பிழையாக எழுதிப்பார்க்கும் தனிமை அது. சுவரோ காவலர் கண்ணுக்குத் திறந்தது. நினைவிலும் திருத்தத்தின் அடுக்குகள் தங்குவதில்லை. புதிய சொல் வந்ததும் பழையது இடம்விட்டுப் பெயர்கிறது. கவிஞரே பின்னாளில் விரும்பினும் தம் முதற்சொல்லை மீட்டல் அரிது.

தமிழ்ப் பதிப்பு மரபு இதனைப் பெரிதும் எதிர்கொண்டதில்லை. உ.வே.சாமிநாதையர் ஒப்புநோக்கிய ஏடுகளில் தெரிவன பெரும்பாலும் படியெடுத்தோரின் வேறுபாடுகள். புலவரின் தயக்கம் அவற்றில் பதிவாவது அரிது. ஆதலின் பாடவேறுபாட்டைத் தேடுவதில் நமக்கு அறத்தயக்கம் எழவில்லை. இருபதாம் நூற்றாண்டுப் படைப்பாளியின் நோட்டுப்புத்தகத்தைத் திறக்கும்போது அம்மரபு துணைவாராது. அடித்தெழுதிய வரி படைப்பாளியின் முடிவுக்குச் சான்று. அதனை மூலபாடத்தோடு சமநிலையில் அச்சிடுதல் அம்முடிவை மறுப்பதாகும். பின்னிணைப்பில், வரைவு என்னும் பெயரோடு தருதல் தகும். எரிக்கச் சொல்லி எழுதிவைத்திருப்பின், அப்பின்னிணைப்புக்கும் பதிப்பாசிரியர் தனியே காரணம் கூறக் கடமைப்பட்டவர்.