பக்கத்து நாற்காலி

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். மனசுக்குள் பதில் சொன்னால் போதும். எனக்குக் கேட்காது!

நீங்களும் உங்கள் சிநேகிதரும் ஒரே வேலைக்குப் பரீட்சை எழுதப் போகிறீர்கள். அவருக்குப் புரியாத ஒரு கணக்கு உங்களுக்குத் தெரியும். 'இதைக் கொஞ்சம் சொல்லிக் கொடேன்' என்று நோட்டோடு வந்து நிற்கிறார். சொல்லிக் கொடுப்பீர்களா?

'தாராளமா சார்' என்று தலையாட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நானும் அப்படித் தலையாட்டுகிற ஆள்தான். போன மாதம் ஆனைக்குட்டம் போய்விட்டு வந்ததிலிருந்து அந்தத் தலை கொஞ்சம் தயங்குகிறது.

ஆனைக்குட்டம், விருதுநகர் - சிவகாசி பக்கத்து ஊர். அர்ஜுனா நதியின் குறுக்கே அங்கே ஓர் அணை உண்டு. விருதுநகருக்குக் குடிதண்ணீர் தருகிற இடங்களில் அதுவும் ஒன்று. அணையைத் தாண்டினால் கரிசல் காடு. காட்டுக்குள் தள்ளித் தள்ளி, ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கிற சின்னச் சின்ன அறைகளைப் பார்த்தால், பட்டாசு ஆலை என்று புரிந்துகொள்ளலாம்.

என் சித்தி மகள் அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீ பேப்பர்லயெல்லாம் எழுதுற ஆளு. ஒரு நியாயம் சொல்லு. என் மக குரூப் ஃபோருக்குப் படிக்கிறா. ஞாயித்துக்கிழமையானா மதுரை லைப்ரரிக்குக் கிளம்பிர்றா. கூட ரெண்டு பிள்ளைக. இவளுக்குக் கணக்கு நல்லா வரும். தெரிஞ்சதையெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு உக்காந்து சொல்லிக் குடுத்துட்டு வர்றா. நாளைக்கு அதுகளுக்கு வேலை கிடைச்சு, இவளுக்குக் கிடைக்காமப் போச்சுன்னா?"

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவள். பஸ் டிக்கெட்டுக்கும், புத்தகத்துக்கும், விண்ணப்பத்துக்கும் போகிற ஒவ்வொரு ரூபாயும் அவள் விரல் தேய்ந்து வந்தது. அவள் கேட்டது பொறாமைக் கேள்வி இல்லை. கணக்குக் கேள்வி.

மகளைக் கூப்பிட்டு விசாரித்தேன். விருதுநகர் வரைக்கும் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அங்கிருந்து மதுரை. இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15-ம் தேதி திறந்தார்கள். அது காமராஜர் பிறந்தநாள் என்பதை விருதுநகர்க்காரர்களுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை! போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அங்கே தனிப் பிரிவே இருக்கிறது.

"உள்ள பேச மாட்டோம் மாமா. மத்தவங்களுக்குத் தொந்தரவு. சந்தேகத்தையெல்லாம் குறிச்சு வெச்சுக்கிட்டு, மத்தியானம் வெளியே சாப்பிடும்போது பேசிக்குவோம். நான் கணக்கு. ஒருத்தி இலக்கணம் நல்லா சொல்லுவா."

"மூணாவது பிள்ளை?"

கொஞ்சம் யோசித்தாள். "அது வாரம் பூரா ஆலைக்குப் போகுது மாமா. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் படிப்பு. அதுக்கு நாங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. முதல் இரண்டு பேருக்கும் நடுவே இருப்பது மொய் மாதிரி. இன்று நான் வைத்தால் நாளை நீ வைப்பாய். நோட்டுப் போட்டு எழுதிக்கொள்ளலாம். அதில் தர்மசங்கடம் எதுவுமில்லை. திருப்பி மொய் வைக்க முடியாத அந்த மூன்றாவது பெண்ணுக்கு எதற்காகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? தங்கச்சியின் கேள்வியும் அவளைப் பற்றித்தான்.

பி.காம். படித்தவன் இல்லையா... உடனே ஒரு கணக்கை எடுத்து விட்டேன். 2024-ம் வருஷத்து குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பம் போட்டவர்கள் சுமார் 20 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 320 பேர். இந்தக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணை நாலு மார்க் பின்னால் தள்ளி உன் மகள் என்ன முன்னேறிவிடப் போகிறாள்? போட்டி பக்கத்து நாற்காலியோடு இல்லை, அந்த 20 லட்சத்தோடு! அதோடு, ஒன்றை அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் அது நமக்கே சரியாகப் புரிகிறது. ஆகவே சொல்லிக் கொடுப்பது லாபம்.

நல்ல கணக்குத்தான். தங்கச்சி ஒரே வரியில் அடித்துவிட்டாள்.

"அந்த 20 லட்சம் பேரு யாருன்னு எனக்குத் தெரியாதுண்ணே. அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைச்சா, எங்க தெருவுலதான லட்டு குடுப்பாக?"

பதில் சொல்ல முடியவில்லை. தோல்வி வலிப்பது தமிழ்நாட்டுப் புள்ளிவிவரத்தில் இல்லை, தெருவில்தான். 'கொடுத்தால் குறையாது' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அறிவு குறையாது. இடம் குறையும். ஒரே ஒரு மார்க்கில் முந்திக்கொண்டு போகிறவர், நீங்கள் சொல்லிக் கொடுத்த அதே கணக்கைப் போட்டுத்தான் முந்தியிருக்கலாம். அப்படி நடக்கவே நடக்காது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இப்போது ஒரு பாவமன்னிப்பு.

1997. நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. காஸ்ட் அக்கவுண்டிங் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கல்லூரி நூலகத்தில் 'அமைதி' என்று போர்டு. மூச்சு விட்டாலே மேஜையைத் தட்டுவார்கள். அதனால் நானும் என் நண்பனும் நூலகத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் உட்காருவோம். 'நார்மல் லாஸ்', 'அப்நார்மல் லாஸ்' என்றால் என்னவென்று அங்கேதான் அவன் எனக்குப் புரிய வைத்தான். ஒரு தொழிலில் தவிர்க்கவே முடியாத சேதாரம் உண்டு. எண்ணெய் ஆட்டினால் கொஞ்சம் ஒழுகும், மாவு அரைத்தால் கொஞ்சம் பறக்கும். அது நார்மல் லாஸ். அதைச் சரக்கின் அடக்க விலையிலேயே சேர்த்துவிடலாம். கவனக்குறைவால் வருகிற நஷ்டம் அப்நார்மல் லாஸ். அதைச் சரக்கின் தலையில் கட்ட முடியாது. நேராக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும்.

பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால், மதுரையில் இருந்த உறவினர் ஒருவர் எனக்கு 40 பக்கம் ஜெராக்ஸ் கொடுத்தார். முக்கியமான கேள்விகளும் விடைகளும். அதை சூட்கேஸின் அடியில், வேட்டிக்குக் கீழே வைத்தேன். மறுநாள் மரத்தடியில் நண்பன் சாதாரணமாகக் கேட்டான்: "ஏதாவது மெட்டீரியல் கிடைச்சுதாடா?"

"இல்லைடா" என்றேன்.

எனக்கு 78 வந்தது. அவனுக்கு 71. அவன் வாழ்க்கை ஒன்றும் பாழாகிவிடவில்லை. இன்றைக்கு என்னைவிட வசதியாகவே இருக்கிறான். ஆனால் அந்த ஏழு மார்க் இன்னும் என் கணக்கில் பற்று வைத்தபடியே நிற்கிறது. அவன் கல்யாணத்துக்குப் போனபோது நின்றது. அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நின்றது. இப்போதும் அவன் தோளில் கை போட்டுப் பேசும்போது, 'இல்லைடா' என்ற அந்த வார்த்தை எனக்கு மட்டும் கேட்கிறது. இதைப் படித்தால் அவனுக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

சொல்லிக் கொடுத்ததால் வரக்கூடிய நஷ்டம், நார்மல் லாஸ். நட்பு என்ற சரக்கின் அடக்க விலையில் அதுவும் சேர்த்தி. மறைத்ததால் எனக்கு வந்தது அப்நார்மல் லாஸ். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவனிடமே அந்த நஷ்டத்தை நான் சம்பாதித்தேன் என்பதுதான் வேடிக்கை.

மாணவன் மாணவனுக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்தது அதுதான். 1789-ல் எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொள்ள ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் வந்தார். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அந்த முறையைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்து, தெரிந்த பையனைத் தெரியாத பையனுக்கு வாத்தியாராக்கினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே இன்றும் ஒரு பள்ளி இருக்கிறது.

பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் இதில் ஓர் ஓட்டையும் உண்டு. அந்த முறை அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணம், அது மலிவு! நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வாத்தியார் சம்பளம். மிச்ச வேலையைப் பையன்கள் தலையில் கட்டிவிடலாம். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் நல்ல மனசை நிர்வாகம் ஓசியில் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு அது. தங்கச்சியின் கேள்வியில் இருக்கிற நியாயம் இதுதான். கொடுக்கிறவளின் நேரத்துக்கு யார் பொறுப்பு?

இதற்கு ஒரு பதிலை 1973-ல் அமெரிக்காவில், கன்சாஸ் சிட்டியில் இருக்கிற மிசௌரி பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். எந்தப் பாடத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். அந்தப் பாடத்தை நன்றாக முடித்த சீனியர் ஒருவரை மறுபடியும் அதே வகுப்பில் உட்கார வைத்தார்கள். வகுப்பு முடிந்ததும் அவர் ஜூனியர்களோடு கூடி உட்கார்ந்து பேசுவார். யார் வேண்டுமானாலும் வரலாம். இங்கே கஷ்டமானது பாடம்தான், அதனால் 'மக்கு' என்ற முத்திரை யார் நெற்றியிலும் விழாது. அந்த சீனியருக்குப் பணமும் உண்டு. இந்த முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் சத்தம் போடாமல் படிக்க ஒரு தளம், கூடிப் பேச கதவு வைத்த தனி அறைகள் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

'நூலகம் என்றால் அமைதி' என்பது பாதி உண்மை. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்கு முன் கணக்கு வாத்தியார். ஆள் நடமாட்டமே இல்லாத நூலகத்தில் உட்கார முடியாமல், 'என்னைப் பழையபடி வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள்' என்று கேட்டவர் அவர். பிறகு இங்கிலாந்து போய், சகல விதமான மனிதர்களும் நூலகங்களைப் புழங்குவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அந்த வேலை பிடித்தது. வெறும் அலமாரிகள் அவரைக் கட்டிப்போடவில்லை. மனிதர்கள்தான் கட்டிப்போட்டார்கள்.

நம் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களில் ஓர் அறை ஒதுக்குவது பெரிய செலவா? ஒரு கதவு, ஒரு கரும்பலகை, எட்டு நாற்காலி, வாரத்தில் இரண்டு நாள் வந்து உட்காருகிற சீனியருக்கு ஒரு சின்னத் தொகை. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் அந்தப் பள்ளியில் படித்தவர். அந்த அரிசி திரும்பி வருமா என்று எந்த வீடும் கேட்கவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் பானையோடு வாங்கிக்கொண்டு போகவும் இல்லை. பிடி அளவுதான். நூலகத்தில் அறிவைக் கேட்கும்போதும் அந்த அளவு வேண்டும். எல்லோரிடமும் கொஞ்சம், ஒருத்தர் தலையில் மொத்தமாக அல்ல.

ஊருக்குக் கிளம்பும்போது தங்கச்சியிடம் கேட்டேன். "அந்த மூணாவது பிள்ளை எந்த ஆலைக்குப் போகுது?"

"எங்க ஆலைதான்ணே. எங்க அறையிலதான் உக்காந்திருக்கு. நாலு பேருதான் நாங்க."

"அதுக்கு யாரு வேலை பழக்கினது?"

"நான்தான்."

"பீஸ் ரேட்டுதானே உங்களுக்கு? சொல்லிக் குடுக்கிற நேரத்துல உன் கூலி குறையுமே?"

"குறைஞ்சுச்சு. ஒரு வாரம் பாதிக் கூலிதான். அதுக்காக? பக்கத்துல இருக்கிறவளுக்குப் பக்குவம் தெரியலைன்னா எனக்கும் சேர்த்துத்தானண்ணே ஆபத்து." சொல்லிவிட்டு, நான் எங்கே வருகிறேன் என்று புரிந்து சட்டென்று நிமிர்ந்தாள். "அது வேற. அங்க இருக்கிறது உசுரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைப் படிப்பும் அதே உசுரு விவகாரம்தான், அந்த அறையை விட்டு வெளியே வர அவளுக்கு இருக்கிற வழி அது ஒன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறைக்குள் ஒரு நாள்கூட உட்காராத நான், அங்கேயே உட்கார்ந்திருப்பவளுக்கு எதைச் சொல்வது?

இரண்டு வாரம் கழித்து மருமகள் போனில் பேசினாள். பேச்சோடு பேச்சாக ஒரு தகவல் சொன்னாள்.

"அம்மா இப்பல்லாம் மூணு பேருக்குச் சேர்த்து எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் குடுக்குது மாமா."

முதலில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கிறேன். உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் நோட்டோடு நிற்கிறார். என்ன சொல்லப் போகிறீர்கள்?