கருநாக்கு

எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா இருந்தாள். உறவுக்கு அல்ல, தெருவுக்கே பெரியம்மா. அவளுடைய நாக்கின் நுனியில் மிளகுப் பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருக்கும். ‘கருநாக்குக்காரி’ என்று அவள் காதுபட யாரும் சொல்லமாட்டார்கள். கல்யாண ஜவுளி எடுக்கப் புறப்படும்போது மட்டும், அவள் திண்ணையில் இருக்கிறாளா என்று ஒருவர் முன்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

வைத்திய சாஸ்திரம் இந்தப் புள்ளிகளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கிற மெலனின் என்ற பொருள், சிலருக்கு நாக்கின் மேலுள்ள சிறு மொட்டுகளிலும் சேர்ந்துவிடுகிறது. கறுத்த மேனியுடைய மக்களிடையே இது சகஜம். வலி கிடையாது, மருந்தும் தேவையில்லை. (புதிதாகத் தோன்றிப் பரவுகிற கறுப்பு வேறு சங்கதி. 1855இல் தாமஸ் அடிசன் என்ற ஆங்கில வைத்தியர் விவரித்த சுரப்பி நோயிலும் வாய்க்குள் கறுப்பு படரும். அதை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.) தேசப்படம் வரைந்தாற்போல் சிவப்புத் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் நாக்கு உண்டு, வறண்ட வயல் போல வெடித்த நாக்கும் உண்டு. அவையும் தீங்கற்றவையே. அந்த நாக்குக்காரர்களைக் கண்டு யாரும் ஒதுங்குவதில்லை. கறுப்புக்குத்தான் நம்மிடம் அந்த மரியாதை!

ஒருநாள் பெரியம்மா, “மேகம் கூடுகிறது, வைக்கோலை மூடுங்கள்” என்றாள். மூடவில்லை, நனைந்தது. பழி மேகத்தின் மேலும் விழவில்லை, மூடாத சோம்பேறிகளின் மேலும் விழவில்லை. அவள் தினமும் எத்தனையோ பேசியிருப்பாள். பால்காரன் இன்று வரமாட்டான் என்றிருப்பாள். அவன் வந்து நின்றிருப்பான். அதையெல்லாம் யார் கணக்கு வைத்தார்கள்? அவள் வாக்குப் பலிக்கும் என்று ஊர் மெய்யாகவே நம்பியிருந்தால், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய், ‘தீர்க்காயுசாக இரு’ என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா? ஒருவரும் போகவில்லை. கெட்டது மட்டும் பலிக்கும் நாக்கு என்பது எந்த ஊர் நியாயமோ!

ஒரு பொங்கலின்போது வேப்பமரத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். கயிறு கிளையில் உரசி உரசி ஒரு பிரி அறுந்திருந்ததை அவள் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் கயிறு அறுந்து, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கை முறிந்தது. பிறகு என் தாயாரிடம் அவள் சொன்னது இதுதான்: “எப்படியடி சொல்வேன்? சொன்ன பிறகு அறுந்தால்?”

இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பழி வரும் என்று பயந்தாள் என்றால், தன்னைக் காத்துக்கொள்ள ஒரு குழந்தையை விட்டுக்கொடுத்தவள் ஆகிறாள். தன் சொல்லே கயிற்றை அறுத்துவிடும் என்று பயந்திருந்தால், அந்தக் குழந்தையைக் காப்பதற்காகவே அவள் மௌனமாயிருந்தாள். முதலாவதை மன்னிப்பது எனக்குக் கஷ்டம். இரண்டாவதில் மன்னிக்க என்ன இருக்கிறது? நாற்பது வருஷம் ஊர் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள், அவ்வளவுதான். எது உண்மை என்று அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

எப்படியானாலும் அவள் சொல்லியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இதைத் தீர்ப்பாகச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பரீட்சைக்குப் போகிற காலையில் அவள் ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்று காதைப் பொத்திக்கொண்டு அவள் வாசலைக் கடந்து ஓடியவன் நான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மாவுக்கட்டோடு வீடு திரும்பிய பையனைப் பார்க்க அவளும் வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். ‘சீக்கிரம் குணமாகிவிடும்’ என்று சொல்லத்தான் வந்திருப்பாள். உதடு அசைந்தது. பிறகு மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனாள்.