நட்சத்திரங்களும் நிஷ்காமமும்

வகுப்பறைக்கென ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கப் புகும் ஆசிரியர், விலை, மொழி, இணைய வசதி ஆகியவற்றையெல்லாம் விசாரித்து முடித்த பின்னும், பலனில் பற்றின்றிக் கர்மத்தைச் செய்வது பற்றிக் கீதை எழுப்பிய பழைய பிரச்சினை தம் முன்னே நிற்பதைக் காண்பார். சரியான விடைக்கு நட்சத்திரம், நாள் தவறாமல் வந்தால் பதக்கம், தோழனை முந்தினால் பட்டியலில் முதலிடம் என்று பலனையே கண்ணெதிரே தொங்கவிடும் செயலிகளில் குழந்தை செய்வது வித்தியாப்பியாசமா, பலனை நாடிச் செய்யும் காமிய கர்மமா?

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் மூவர், சித்திரம் வரைவதில் இயல்பாகவே பிரியமுள்ள பாலர்களுள் சிலருக்கு நற்சான்றுப் பத்திரம் தருவதாக முன்கூட்டிச் சொல்லி வரையச் செய்து, பின்னர் அவர்கள் சுயேச்சையாக விளையாடும் வேளையில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்களே மற்றவர்களைக் காட்டிலும் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்த நஷ்டம் நேரவில்லை. ஆகவே கெடுத்தது பரிசன்று, அதன்மேல் வைத்த ஆசையே எனலாம்.

வாய்பாடு போன்ற வறண்ட அப்பியாசங்களுக்கு நட்சத்திரம் இருந்துவிட்டுப் போகட்டும். ருசியே இல்லாதவிடத்தில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? ஆனால், மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் சால்ஸ்பர்க்கில் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் கணிதச் செயலியில், முக்கோணத்தின் முனையை இழுக்க இழுக்கக் கோணங்கள் மாறியும் அவற்றின் கூட்டுத்தொகை 180 பாகையாகவே நிற்பதைக் காணும் மாணவனுக்கு அக்காட்சியே பலன். அதற்கும் மதிப்பெண் போடத் துடிக்கும் ஆசிரியர்கள் உண்டு என்பது வேறு விஷயம்.