நிலையாமையும் நெய்ப்பந்தமும்

உடல் அழியும், உயிர் அழியாது என்பது இந்தியச் சமய மரபுகள் பலவும் உடன்படும் கொள்கையாகும். சைவ சித்தாந்தம், பசு என்று தான் குறிக்கும் உயிரைத் தோற்றமும் அழிவும் இல்லாத பொருளாகக் கொண்டு, வினைக்கு ஏற்ப அது உடல்களை எடுத்தும் விடுத்தும் வருகிறது என விளக்குகிறது. பகவத்கீதையில் கண்ணன் அருச்சுனனுக்கு உரைக்கும் அறிவுரை, இறப்புக்காகத் துயருறுதல் தகாது என்பதிலிருந்தே விரிகிறது. திருக்குறளின் நிலையாமை அதிகாரம் இறப்பை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் நிகராக வைக்கிறது. இக்கொள்கைகளைக் கேட்டும் நம்பியும் வாழ்கிற ஒரு குடும்பத்தில், பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டு நிறைவயதில் கண்மூடிய ஒரு பாட்டியின் உடலைச் சுற்றி உற்றார் அனைவரும் கூடி அழுகின்றனர். அந்த அழுகை மெய்யறிவில் நேர்ந்த குறையா, அல்லது மெய்யறிவே இடம் கொடுத்திருக்கும் ஒன்றா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினாவுக்கு இல்லறத்தாரின் வாழ்க்கையைக் காட்டிலும் துறவிகளின் வரலாறுகளே தெளிவான விடை தருகின்றன. செல்வத்தையும் சுற்றத்தையும் ஒருங்கே துறந்த பட்டினத்தார், தாய் இறந்த செய்தி அறிந்து ஈமக்களத்துக்கு வந்து, பச்சை வாழைமட்டைகளை அடுக்கி எரியூட்டினார் என்பது மரபுவழிச் செய்தி. அப்போது அவர் பாடியனவாக வழங்கும் பாடல்கள், அன்னை தம்மைச் சுமந்ததையும் பாலூட்டியதையும் மார்பிலும் தோளிலும் இட்டு வளர்த்ததையும் ஒவ்வொன்றாக நினைந்து, தம்மை ஊட்டி வளர்த்தவளின் வாயில் தாமே அரிசி இட நேர்ந்ததை எண்ணி உருகுகின்றன. காலடியில் பிறந்த ஆதிசங்கரரும் தாய்க்கு அளித்த வாக்கைக் காக்கத் திரும்பி வந்தார் என்றும், துறவிக்கு ஈமக்கடன் ஆற்றும் உரிமை இல்லை எனச் சொல்லி உறவினர் உதவ மறுத்தமையால் தனியொருவராகவே அவர் அதைச் செய்து முடித்தார் என்றும் அவரது வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உலகம் நிலையற்றது என்பதை இவ்விருவரினும் அழுத்தமாகச் சொன்னவர் அரியர். அத்தகையோரே ஒரு தாயின் இறுதிக் கடனுக்காகத் தம் துறவு நெறியையும் சற்றே தளர்த்திக்கொண்டனர் என்று மரபு போற்றுமாயின், அத்துயரத்தை அறியாமை என்று அம்மரபு கருதவில்லை என்பது தெளிவு.

இதன் காரணம் பற்றுக்கும் அன்புக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. பற்று என்பது ஒன்றைத் தனக்கு உரியதாகப் பிடித்து வைத்துக்கொள்ள விழைவது; அன்பு என்பது பிறர்க்காகத் தன்னைக் கொடுப்பது. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலில் வைத்துவிட்டு, துறவறவியலை அருளுடைமையில் தொடங்குகிறார். பிறிதோர் இடத்தில் அருளை அன்பு ஈன்ற குழந்தை என்றே உருவகிக்கிறார். தொடர்புடையோரிடத்துத் தோன்றும் அன்பு முதிர்ந்தே எல்லா உயிர்களிடத்தும் செல்லும் அருளாக மாறுகிறது என்பது இதன் பொருளாயின், தன்னை வளர்த்த பாட்டிக்காக நெஞ்சு கலங்காத ஒருவர் உலகுக்காக நெஞ்சு கலங்குவார் என்று எதிர்பார்க்க இயலாது. இறந்தவரை மீட்டுத் தரவேண்டும் எனப் பிடிவாதம் கொள்ளும் துயரமே பற்றின் பாற்படும். பெற்றதை நினைந்து கலங்கும் துயரம் நன்றியின் பாற்படும்.

தமிழர் இறுதிச் சடங்குகள் இந்த நன்றியைச் சொல்லாக விட்டுவிடாமல் செயலாக்குகின்றன. அவை ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி வேறுபட்டாலும், கூடியிருக்கும் ஒவ்வொரு உறவுக்கும் ஒரு பணியைப் பகிர்ந்தளிப்பதில் ஒன்றுபடுகின்றன. பிறந்த வீட்டுக் கோடி எனப்படும் புதுச் சேலையை இறந்தவரின் உடன்பிறந்தாரோ அவர்தம் மக்களோ கொண்டுவந்து சாத்துகின்றனர். மணமாகிச் சென்று அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்த பின்னும், பாட்டி என்றே எல்லோரும் அறிந்த அம்மூதாட்டி ஒரு வீட்டின் மகளாகவும் தங்கையாகவும் இருந்தவர் என்பதை அச்சேலை அவையறியச் செய்கிறது. உடல் எடுக்கப்படும் வரை இழவு வீட்டில் அடுப்பு மூட்டாத வழக்கம் உள்ள இடங்களில் அண்டை வீட்டாரும் சம்பந்தி வீட்டாரும் உணவு சமைத்துக் கொண்டுவருகின்றனர். வாய்க்கரிசி என்பது உறவினர் ஒருவர்பின் ஒருவராக இறந்தவரின் வாயருகே ஒரு பிடி அரிசி இடுவது; பிறந்த நாள் முதல் அவர் கையால் உண்டவர்கள் திருப்பிச் செலுத்தும் கடைசி ஊட்டல் அது.

இவற்றுள் பேரப்பிள்ளைகளுக்கென்றே உரியது நெய்ப்பந்தம் பிடித்தல். சிறு குச்சியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, நெய்யில் தோய்த்துக் கொளுத்தி, ஆளுக்கு ஒன்றாகப் பேரன் பேத்திகளின் கையில் கொடுப்பர். அவர்கள் அதை ஏந்தி உடலைச் சுற்றி நிற்பர், அல்லது சுற்றி வருவர். தானாக நிற்க இயலாத குழந்தையைப் பெரியவர் ஒருவர் இடுப்பில் ஏந்தி, அதன் விரல்களைத் தம் கையோடு சேர்த்துப் பந்தத்தின் மீது பொருத்துவார். கொள்ளுப்பேரர்கள் பந்தம் பிடிக்கும் பேறு பெற்றவரின் மறைவைக் கல்யாணச் சாவு என்று ஊரார் சிறப்பித்துப் பேசுவதும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சைவர்களிடையேயும் நெய்ப்பந்தம் பிடிக்கும் வழக்கம் நிலவுகிறது. பல குழந்தைகள் இறப்பை முதன்முதலாக நேரில் காண்பது பந்தம் பிடிக்கும் இந்த நேரத்தில்தான். நிலையாமை என்ற சொல்லின் பொருள் அறியாத வயதில், அச்சத்துக்கு உரியதாக அன்றி, தம் கையாலும் ஒரு கடமை ஆற்றத்தக்க நிகழ்வாக இறப்பு அவர்களுக்கு அறிமுகமாகிறது. மூத்தவர் முன்னே செல்ல இளையவர் விளக்கேந்தி வழியனுப்பும் இந்த ஒழுங்கே பாட்டியின் மறைவை ஏனைய இறப்புகளிலிருந்து வேறுபடுத்தி, துயரத்தின் நடுவே ஒரு நிறைவையும் தருகிறது.

இத்தகைய கூடுகை வெறும் ஊர் வழக்கம் அன்று என்பதை 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பொதுமுடக்கம் உணர்த்தியது. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதி நோய்த் தடுப்புக்குத் தேவையானதே எனினும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த பிள்ளைகளும் பேரர்களும் கைப்பேசித் திரையில் மட்டுமே பாட்டியின் முகத்தைக் காண நேர்ந்தது. உடன் அழ ஆளின்றிப் போன அத்துயரம், சடங்கு முடிந்த பின்னும் முடியாததாகப் பல வீடுகளில் தங்கிவிட்டது. கூடி அழும்போதோ, பெண்கள் தோளோடு தோள் சேர்த்து அமர்ந்து பாடும் ஒப்பாரியில், இறந்தவரின் நல்லியல்பும் பட்ட பாடும் பெற்ற பேறும் பலர் வாயிலாகச் சொல்லப்பட்டு ஒரு முழு வாழ்க்கை வரலாறாக உருப்பெறுகின்றன. மகள் அறிந்த தாயை மருமகள் அறியாள்; மருமகள் அறிந்த மாமியாரைப் பேத்தி அறியாள். அனைவரும் கூடும்போதுதான் மறைந்தவர் முழுமையாக நினைக்கப்படுகிறார்.

அந்நினைவுக்கும் மரபு ஓர் அளவு வகுத்துள்ளது. கருமாதி எனப்படும் நிறைவுச் சடங்கு பல சமூகங்களில் 16ஆம் நாளிலும், அந்தியேட்டி என்ற பெயரில் ஈழத்துச் சைவர் பலரிடையே 31ஆம் நாளிலும் நிகழ்கிறது. தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியன்று நோன்பிருக்கும் வழக்கமும் ஈழத்தில் உண்டு. எள்ளும் நீரும் இறைத்து முன்னோரை வழிபடும் தர்ப்பணத்தில் மூன்று தலைமுறையினரே பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றனர். அதற்கு அப்பாற்பட்டோர் பெயரற்ற முன்னோர் கூட்டத்தில் கலந்துவிடுகின்றனர். நினைவும் நிலையற்றதே என ஒப்புக்கொண்டு, தன்னால் இயன்ற அளவு அதைக் காப்பதை மட்டும் கடமையாக்கும் இந்த ஏற்பாடு, நிலையாமைக் கொள்கையோடு சிறிதும் முரண்படவில்லை.

இல்லறத்தான் பேணவேண்டிய ஐவராக முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் ஆகியோரை வள்ளுவர் எண்ணுகிறார். பாட்டி உயிரோடு இருந்தவரை அவர் வீட்டுக்கு வருவதற்கு மக்களுக்கும் பேரர்களுக்கும் வேறு காரணம் வேண்டியதில்லை. அவர் சுற்றத்தாரின் வரிசையிலிருந்து முன்னோரின் வரிசைக்குச் சென்ற பின், எஞ்சிய சுற்றம் தானாக ஒன்றுகூடாது. கருமாதி முடிந்த கையோடு பாகப்பிரிவினைப் பேச்சும் பழம் பகையும் தலைதூக்கும் குடும்பங்கள் உண்டு. ஆகவே, முன்னோர்க்கு ஆற்றும் கடன் எள்ளும் நீரும் இறைப்பதோடு முடிவதில்லை. மனத்தாங்கல் கொண்ட உடன்பிறந்தாரை அழைத்துப் பேசுவதும், பாட்டியின் கை பார்த்து வளர்ந்த ஏழை உறவினரை மறவாமல் தாங்குவதும், பந்தம் பிடித்த பிள்ளைகள் தம்முள் அறிமுகமின்றிப் போகாமல் காப்பதும் அக்கடனின் தொடர்ச்சியாகும். அழுகையில் தொடங்கிய அன்பு இவ்வாறு பிறரைப் பேணும் அருளாக முதிரும்போதுதான், பாட்டிக்குச் செய்த வழியனுப்பு நிறைவு பெறுகிறது.