தராசைப் பிடித்த கை

அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் கடுமொழியோடு தொடங்குகிறது திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயமாகிய ‘அல்முதஃப்பிஃபீன்’. அக்கண்டனம் கடைத்தெருத் தராசுக்கு மட்டுமா உரியது?

1968இல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியில் வென்ற ஆடவருக்கு 2,000 பவுண்டு. வென்ற பெண்மணிக்கு 750 பவுண்டு. அங்கே பரிசு சமமானது 2007இல்தான். கால்பந்திலோ ஏற்றத்தாழ்வு இன்றும் மலையளவு. ‘பெண்கள் ஆட்டத்தைக் காண்போர் குறைவு, வரவு குறைந்தால் ஊதியமும் குறையும்’ என்பர். கேட்க நியாயமாகவே இருக்கிறது. பிக்ஹு நூலோரும், கூலி பேசப்படாத இடத்து, ஒத்த வேலைக்கு வழக்கிலுள்ள கூலியையே ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’ என அளவாகக் கொள்வர்.

ஆயின் இந்த வழக்கு எவ்வாறு உண்டாயிற்று? 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் பெண்கள் ஆடிய கால்பந்தைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன்னைச் சேர்ந்த கழகங்களின் திடல்களைப் பெண்களுக்கு அடைத்துவிட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அக்கதவு திறக்கவில்லை. ஒருத்தியின் கடையைப் பூட்டிவிட்டு, ‘உனக்கு வாடிக்கை இல்லையே’ என்பது என்ன நீதி?

வரவு வேறுபட்டால் ஊதியமும் வேறுபடலாம், மறுக்கவில்லை. ஆனால் வரவைத் தடுத்தவரே அதன் குறைவைக் காரணம் காட்டலாகாது. பெண்கள் பொதுத்திடலில் ஆடலாமா என்பது வேறு வினா. அதில் நம்மிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனைச் சாக்காக்கி, உழைத்தவளின் கூலியில் கை வைக்க எவருக்கும் உரிமையில்லை.

நம் தோப்பிலும் கடையிலும் பெண்ணுக்குக் கூலி அளக்கும்போது, தராசு நம் கையிலும் இருக்கிறது.